யார் வந்தாலும் எந்திரிக்காதீங்க

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உத்தியோகத்தில் இருக்கிற யார் வந்தாலும் எழுந்து நிற்போம். துரை என்று நாங்கள் சொல்லும் தோட்ட நிர்வாகி வந்தால் எழுவோம். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்தால் எழுவோம். வாத்தியாருக்கு, தபால்காரருக்கு, மருந்து கொடுக்கிறவருக்கு, எல்லோருக்கும் எழுவோம். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. நடக்கப் பழகும்போதே கூட வந்துவிடுகிற பழக்கம் இது. டயகமப் பக்கத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா ஒருமுறை காய்ச்சலில் விழுந்துவிட்டார். தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து ஐயா வந்து வாசலில் நின்றதும் அம்மா கம்பளியை உதறிவிட்டு எழுந்து நின்றார். நின்றுகொண்டே, "எந்திரிக்கவே முடியலங்க ஐயா" என்று அவரிடம் சொன்னார். அதில் சிரிக்க ஏதாவது இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நானே அம்புலன்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். அவசர மருத்துவ உதவியாளர் என்பது பதவியின் பெயர். சனங்கள் "அம்புலன்ஸ் மிஸ்" என்பார்கள். சீருடையும் சப்பாத்துமாக, தோளில் பையோடு லயத்துப் படிகளில் நான் ஏறும்போது, என் அம்மா வயதுப் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்கள். வேண்டாம் என்று கையால் சைகை காட்டுவேன். உண்மையைச் சொல்வதானால், அந்தச் சைகையைக் கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டுவேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு லயத்துப் பிள்ளைக்கு எழுந்து நிற்கிறார்களே என்று உள்ளுக்குள் குளிர்ந்து போவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அம்புலன்ஸில் நாங்கள் இரண்டே பேர். முன்னால் சாரதி, பின்னால் நான். எங்கள் சாரதி கினிகத்தேனைக்காரர், சிங்களவர். கடைத்தெருவில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னைத் 'தங்கச்சி' என்ற பொருளில் சிங்களத்தில் 'நங்கி' என்பார். நான் அவரை அண்ணே என்பேன். நோர்வூட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வீதியோரமாக வாகனத்தை நிறுத்திவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்போம். பக்கத்திலேயே ஒரு முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடை. காத்திருக்கும் நேரத்தில் நான் தைத்துக்கொண்டிருப்பேன், அல்லது தூங்கி வழிவேன். அண்ணன் காதில் கம்பியை மாட்டிக்கொண்டு போனிலேயே கண்ணாக இருப்பார். படம் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பார்த்தால், மடியில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. அதில் சிங்களத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

"என்னாண்ணே, இந்த வயசுல பரீட்சையா?"

"பரீட்சைதான் நங்கி. நாலு கேள்விக்கு மூணு சரி. நாலாவதுல மாட்டிக்கிட்டேன். இந்த இங்கிலீசு வார்த்தை என்னான்னு சொல்லுங்க."

வெளிநாட்டில் யாரோ மருத்துவப் பயிற்சி கொடுக்கிறவர்கள், எங்களைப் போன்ற அவசர உதவி வேலைக்காரர்களுக்காக இணையத்தில் பாடங்கள் போட்டிருந்தார்கள். பத்து நிமிடத்து வீடியோ, அதன் பிறகு சில கேள்விகள். எல்லாம் இலவசம். பெயரைப் பதிந்தால் போதும். அண்ணன் அதில் இரத்தப் பெருக்கு, பிரசவம், மாரடைப்பு என்று எட்டுப் பாடத்தை ஏற்கெனவே முடித்திருந்தார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. பயிற்சி பெற்றவள் நான். சான்றிதழ் வைத்திருப்பவள் நான். "வண்டி ஓட்டுறவங்களுக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக ஒலித்தது என்று தெரிந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு கை போதாத நாள் வரும்ல நங்கி. அன்னைக்கு என் கையும் என்னா செய்யணும்னு தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

அதன் பிறகு என்னையும் படிக்கச் சொல்லி நச்சரிக்க ஆரம்பித்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு இலவசம் என்ற சொல்லே ஆகாது. எங்கள் லயங்களுக்கு இலவசமாக வந்த கூரைத் தகடு, கம்பளி, தண்ணீர்த் தாங்கி எதுவும் ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்காமல் வந்ததில்லை. போட்டோ எடுக்காமல் சும்மா கொடுக்கிறார்கள் என்றால் சரக்கில் ஏதோ கோளாறு என்றுதான் என் புத்தி போயிற்று. சிக்னல் இல்லை என்பேன். இங்கிலீஷ் என்பேன். இரண்டுமே பொய் இல்லை. எங்கள் வாகனம் நிற்கும் இடத்தில் ஒரு கோடு சிக்னல் வந்தால் அதிசயம். ஆனால் அண்ணன் சும்மா இருக்கிற ஆளில்லை. நானாவின் கடை வைஃபையைக் கேட்டு வாங்கிவிட்டார்.

"படிப்புக்குன்னா தாராளமா எடுங்க. படம் கிடம் பாத்தீங்கன்னா கட் பண்ணிருவேன்" என்றார் நானா. அதோடு அவரும் விடவில்லை. ஒருநாள் காலை வியாபாரம் ஓய்ந்ததும் வாங்குப் பலகையில் மல்லாந்து படுத்து, சோடாப் பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அண்ணனுக்கு நோயாளியாக நடித்துக் கொடுத்தார். சாப்பிட வந்தவர்கள் பயந்து திரும்பிப் போனார்கள்.

நான் முதன்முதலாக ஒரு பாடத்தை உட்கார்ந்து பார்த்தது ஒரு மழைப் பிற்பகலில், நானாவின் கடையில். அழைப்பு ஏதும் இல்லை. குளவி, தேனீ கொட்டி உடம்பு அதிர்ச்சிக்குப் போவதைப் பற்றிய பாடம். இங்கிலீஷ் வேகமாகப் போகிறது, கொஞ்சம் சொல்லுங்கள் என்று அண்ணன் கேட்டார். என் திறமையைக் காட்டிவிடலாம் என்றுதான் போய் உட்கார்ந்தேன். குளவிக் கொட்டு எனக்குத் தெரியாததா? எங்கள் மலைகளில் அது மாதம் தவறாமல் நடப்பது. தொடையில் ஊசி போட வேண்டும் என்பதை நான் தூக்கத்திலும் சொல்வேன்.

திரையில் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நிதானமாகப் பேசினார். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஊசிக்கு முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது என்றார். நோயாளியைப் படுக்க வையுங்கள், காலைத் தூக்கி வையுங்கள் என்றார். சொன்னேன். அவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் எழுந்து நிற்க விடாதீர்கள், ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள் என்றார். பாதி சொல்லும்போதே என் வாய் நின்றுவிட்டது.

"என்னா நங்கி? அப்புறம் என்னா சொல்றாங்க?" என்றார் அண்ணன். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் நினைவு வந்துவிட்டது.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தோட்டத்தில் குளவி கொட்டி ஒரு பெண்ணை லயத்துக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது வீட்டு வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொட்டிய இடமெல்லாம் சுண்ணாம்பு தடவியிருந்தது. பக்கத்தில் யாரோ கொடுத்த சாயத்தண்ணி என்ற வெறுந்தேநீர் பாதி குடித்தபடி இருந்தது. முகம் வீங்கியிருந்தது. நான் படியேறி வருவதைக் கண்டதும் அந்தப் பெண் கையை ஊன்றி எழுந்து நின்று, "வாங்க மிஸ்" என்று சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுந்து நிற்கிறார், சிரிக்கிறார், ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டேன். "நடக்கிறாங்கண்ணே, ஸ்ட்ரெச்சர் வேண்டாம். வண்டியில வச்சே ஊசி போட்டுக்கலாம்" என்று அண்ணனிடம் நான்தான் சொன்னேன். ஒரு கையை நான் பிடித்தேன். மறு கையை அவர் பிடித்தார். பத்து அடி நடந்திருப்பார். கால் மடங்கி அப்படியே கீழே போனார். அதன் பிறகு ஊசி போட்டேன், நெஞ்சை அழுத்தினேன், ஆஸ்பத்திரி வரை அழுத்திக்கொண்டே போனேன். அவர் கண் திறக்கவில்லை.

விஷம் ஏறிவிட்டது என்றார்கள். நேரம் வந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் என்று என் தோளில் தட்டினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று வருடம் அந்தத் தலையாட்டலோடு நிம்மதியாகத்தான் இருந்தேன்.

இப்போது பனிக்கு முன்னால் அமர்ந்திருந்த அந்தப் பெண் காரணத்தைச் சொன்னார். இந்த மாதிரி அதிர்ச்சியில் இரத்தக் குழாய்கள் எல்லாம் தளர்ந்துபோகின்றன. எழுந்து நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது. இதயம் அடிக்கத்தான் பார்க்கிறது. ஆனால் அடித்து அனுப்ப அதனிடம் எதுவுமே இல்லை. எனக்கு எங்கள் லயத்துக் குழாய்தான் கண்முன் வந்தது. கீழ் லயத்துக்காரர்கள் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால், மேல் லயத்துக் குழாயில் வெறும் காற்று சீறும். தலைகீழாக நின்றாலும் ஒரு சொட்டு வராது. அன்றைக்கு அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் அப்படித்தான் சீறியிருக்க வேண்டும்.

அழுகை வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, அதை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை. பிரமிப்பு என்று சொல்லலாம். மனித உடம்பு இப்படி ஒரு சின்ன விஷயத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்ற பிரமிப்பு. நிற்பதற்கும் படுப்பதற்கும் நடுவில் ஓர் உயிர். அதைவிட, இந்தப் பெண் யார்? தேயிலைச் செடியைக் கண்ணால் பார்த்திருப்பாரா? லயம் என்றால் என்னவென்று தெரியுமா? எங்கள் சனங்கள் யாரைக் கண்டாலும் எழுந்து நிற்பார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எதுவும் தெரியாது. ஆனாலும் எங்கோ பனியில் உட்கார்ந்துகொண்டு, என் வாசற்படியில் நடந்ததைப் பார்த்தவர் போல என்னிடம் சொல்கிறார். போட்டோ எடுக்கவில்லை. பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை.

நானா வந்து, அழைப்பா, யாருக்கு என்ன என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினோம். இரண்டு கோப்பை தேநீர் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் வீடியோவை முதலிலிருந்து மறுபடி ஓட்டினார்.

அந்தப் பாடத்தின் அடியில் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. என் ஓட்டை இங்கிலீஷில் எழுதினேன். ஒருவரைப் பத்து அடி நடக்க வைத்தோம், அவர் இறந்துவிட்டார், நடக்க வைத்ததாலா என்று கேட்டேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது. அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று திரையில் பேசிய அந்தப் பெண்ணே எழுதியிருந்தார். படுக்க வைத்திருந்தாலும் அவர் இறந்திருக்கலாம், நானும் இதைத் தாமதமாகத்தான் கற்றேன், உங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தார். பூசி மெழுகாத பதில். நீ காரணம் இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து நான் மாறிப்போனேன் என்று சொன்னால் அண்ணன் சிரிப்பார். பேய் பிடித்தது என்பதுதான் சரி. ஒரு மாதத்தில் அவருடைய எட்டுப் பாடத்தைத் தாண்டினேன். மற்ற அம்புலன்ஸ்காரர்களைக் கூட்டங்களில் கண்டால் விட மாட்டேன். "நமக்குத் தெரியாததா?" என்றார்கள். "அம்மாடி, வீட்டுக்குப் போனா கண்ண மூடவே நேரமில்ல" என்றார்கள். இங்கிலீஷ் என்றார்கள், சிக்னல் என்றார்கள். ஒவ்வொரு சாக்குப்போக்கையும் நானே சொன்னவள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். நாங்கள் தெரிந்துகொண்டதை அண்ணன் சிங்களத்திலும் நான் தமிழிலும் குரல் பதிவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். முதலில் மேற்பார்வை டாக்டரிடம் போட்டுக் காட்டுவோம். அவர் திருத்திய பிறகுதான் அனுப்புவோம். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு அந்தப் பாடங்களையே தேடிப் போனார்கள். எல்லாம் சொன்னேன். அந்தப் பத்து அடியைப் பற்றி மட்டும் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

குளவிக் கொட்டுக்கான பதிவை மட்டும் தோட்டத்துச் சனங்களுக்கும் புரிய வேண்டும் என்று லயத்துப் பேச்சிலேயே பேசினேன். "மொதல்ல குளவிக் கூட்ட விட்டுத் தள்ளி வாங்க, போன் பண்ணுங்க. மயக்கமா வருதுன்னா படுக்க வைங்க, கால தூக்கி வைங்க. மூச்சு ரொம்ப முட்டுச்சுன்னா கால நீட்டி சாய்ச்சு வைங்க. சுண்ணாம்ப அப்புறம் பாத்துக்கலாம். நடக்க வைக்காதீங்க. யாரு வந்தாலும் எந்திரிக்காதீங்க." இவ்வளவுதான். அது யார் யாருடைய போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்த ஒரு காலை, பத்து மணி இருக்கும், அழைப்பு வந்தது. தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி கொட்டிவிட்டது, ஒருவருக்கு மோசம் என்றார்கள். வண்டி போகிற வீதியிலிருந்து மலைக்குள் இருநூறு அடி இறங்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அண்ணன் ஸ்ட்ரெச்சரோடு பின்னால் வந்தார். தூரத்திலிருந்தே தெரிந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே உள்ள பாதையில் ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய கால்கள் இரண்டும் ஒரு கொழுந்துச் சாக்கின் மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தன.

யாரும் சொல்லாமல் எங்கள் சனங்கள் செய்கிற வேலை இல்லை அது. சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தி, "போன்ல கேட்டோம் மிஸ். ஒரு மிஸ் சொல்லியிருந்தாங்க" என்றாள். அது நான்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. பனியில் ஒருவர் சொன்னது, நானாவின் கடை வழியாக, என் வாய் வழியாக, இந்தப் பள்ளத்துக்கு எனக்கு முன்னால் வந்து இறங்கியிருந்தது.

ஆனால் நோயாளியின் நிலைமை மோசம். நாற்பது வயதிருக்கும். உதடும் கண்ணும் வீங்கியிருந்தன. மூச்சு விசிலடித்தது. இரத்த அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்த டாக்டரிடம் போனில் சொல்லி, தொடையில் முதல் ஊசியைப் போட்டேன். ஒட்சிசன் மாட்டினேன். மூன்று நிமிடத்தில் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அதுதான் ஆபத்தான நேரம் என்று பாடத்தில் சொன்னது எனக்கு ஒவ்வொரு எழுத்தாக நினைவிருந்தது.

"இப்ப நல்லா இருக்கு மிஸ். நான் மெதுவா நடந்தே வந்துர்றேன்" என்றார் அந்தப் பெண்.

"நடக்கிற பேச்சே வேண்டாம். அசையாம படுங்க."

அப்போது மேலே வீதியில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. யாரோ, "தொரை வாறாரு" என்றார்கள். அரைக் கால்சட்டையும் முழங்கால் வரை வெள்ளைக் காலுறையுமாகத் துரை வேகமாக இறங்கி வந்தார். ஆளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கேள்விப்பட்டதும் பதறி ஓடி வந்திருக்கிறார். ஆனால் குந்தியிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். என் கைக்குக் கீழே படுத்திருந்த பெண்ணும் இரண்டு கையையும் மண்ணில் ஊன்றினார்.

தோளைப் பிடித்து அழுத்தினேன். "எந்திரிக்காதீங்க!"

"தொரை மிஸ்... தொரை முன்னால எப்புடி மிஸ் படுத்துக் கெடக்கிறது?"

அண்ணன் காலைப் பிடித்தார். இருபது வருடம் கொழுந்து சுமந்த உடம்பு அது. எங்கள் இருவரையும் மீறி முதுகு மண்ணிலிருந்து எழும்பிவிட்டது. காற்றுக்குத் தவித்துக்கொண்டே எழப் பார்க்கிறார். என் ஒரு கையில் இரண்டாவது ஊசி. அந்த நொடியில் எனக்கு வாசற்படியில் சிரித்த முகம் தெரிந்தது. இவரைத் தடுக்க என்னால் முடியாது, எந்தப் பாடத்தாலும் முடியாது என்று விளங்கியது. எனவே நிமிர்ந்து, என் வாழ்நாளில் யாரும் சொல்லிக் கேட்டிராத ஒன்றைக் கத்தினேன்.

"தொரை, நீங்க உக்காருங்க!"

துரை அப்படியே நின்றுவிட்டார். அவருக்குத் தமிழ் புரியவில்லை என்று நினைத்து அண்ணன் அதையே சிங்களத்தில், "சேர், வாடிவென்ன! வாடிவென்ன!" என்றார். தமிழ் அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. உட்கார ஏதாவது இருக்கிறதா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். கண்டாக்கு ஐயா நாற்காலி கொண்டுவரட்டுமா என்று ஆரம்பித்தார்.

"நாக்காலி வேண்டாம். அங்கயே. மண்ணுல. நீங்க நிக்கிற வரைக்கும் இவங்க படுக்க மாட்டாங்க. எந்திரிச்சா செத்துருவாங்க."

துரை உட்கார்ந்தார்.

வெள்ளைக் காலுறையோடு, ஈர மண்ணில், இரண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துரை உட்கார்ந்த பிறகு தாங்கள் நிற்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு நிலைமை அவர்களுக்கு வந்ததே இல்லை. கண்டாக்கு ஐயா முதலில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக, செடிக்கும் செடிக்கும் இடையில், கிடைத்த இடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்த மலையில் நின்றுகொண்டிருந்தவை மரங்கள் மட்டும்தான். படுத்திருந்த பெண் வீங்கிய கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பக்கவாட்டில் பார்த்தார். துரையும் தன்னைப் போலவே மண்ணில் இருப்பதைக் கண்டார். அவர் உடம்பு தளர்ந்தது. தலையை மண்ணில் வைத்துப் படுத்துக்கொண்டார். முதல் ஊசி போட்டு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அழுத்தம் இன்னும் ஏறவில்லை என்று டாக்டரிடம் சொல்லி இரண்டாவது ஊசியைப் போட்டேன்.

படுத்த நிலையிலேயே ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, ஆறு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம். போகும்போது துரை கீழே இருந்தபடி, "நான் எந்திரிக்கலாமா மிஸ்?" என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். வண்டி போகிற வரைக்கும் வேண்டாம் என்றேன். வண்டியின் கதவைச் சாத்தும்போது எட்டிப் பார்த்தேன். அவர் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தார். காலுறைக்குள் ஏறிய அட்டையை அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தாராம்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். அண்ணன் தன் கொப்பியில் அன்றைய தேதியைப் போட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "ரெண்டு கை போதாத நாள்" என்றார். நானும் அன்று பாடத்தின் கேள்விப் பகுதியில் போய் நடந்ததை எழுதினேன். துரை என்பதை இங்கிலீஷில் எப்படி விளக்குவது என்று தெரியாமல் அரைமணி நேரம் திண்டாடினேன். மறுநாள் பதில் வந்தது. பாடத்தில் இனி ஒரு வரி சேர்க்கப் போவதாக அவர் எழுதியிருந்தார்: நோயாளி மரியாதைக்காக எழுந்து நிற்கக்கூடியவர் என்றால், வருகிறவரை உட்காரச் சொல்லுங்கள். இன்று அந்தப் பாடத்தைத் திறந்தால் அந்த வரி இருக்கிறது. எந்தெந்த ஊரில் யார் யாரெல்லாம் அதைப் படிக்கிறார்களோ தெரியாது. எங்கள் மலையில் ஒரு மனிதர் மண்ணில் உட்கார்ந்ததை அவர்கள் படிக்கிறார்கள்.

சில மாதங்கள் கழித்து, எனக்கு விடுமுறை நாள். நோர்வூட்டில் பஸ்ஸுக்காகப் போனேன். நிழற்கூடத்து வாங்கில் ஒரு பெண் பையோடு உட்கார்ந்திருந்தார். வீக்கம் இல்லாத முகத்தை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. சேலையில் இருந்த என்னைப் பார்த்ததும் அவருடைய முழங்கால் அசைந்தது, கை வாங்கின் ஓரத்தைப் பிடித்தது. சுகமாக இருக்கிறவர், எழுந்தால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் தடுக்கக் கையை நீட்டினேன்.

அவர் எழவில்லை. சிரித்தார்.

"எந்திரிக்கலங்க மிஸ். நீங்கதானே சொன்னீங்க." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தன் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டினார். "வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன். வாங்கு சின்னது. அவர் தோள் என் தோளில் இடித்தது. பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார், மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாளாம். கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அந்த வாசற்படியைப் பற்றி, சுண்ணாம்பு தடவிய கைகளைப் பற்றி, எனக்காக எழுந்து நின்ற பெண்ணைப் பற்றி, அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைப் பற்றி, அந்தப் பத்து அடியைப் பற்றி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை, ரோட்டோரத்தில், சீருடை இல்லாமல், தோட்டத்துப் பெண் ஒருத்தியிடம் சொன்னேன்.

முடித்த பிறகு அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்த அக்கா பேரு என்னாங்க மிஸ்?" என்று கேட்டார்.

சொன்னேன். எனக்கு மறக்கவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. கோயில்ல அவங்க பேருக்கும் ஒரு வெளக்கு வச்சிர்றேன்" என்றார். "எனக்கும் சேத்துத்தானே அவங்க எந்திரிச்சிருக்காங்க. அவங்க விழுந்ததாலதானே நீங்க என்னைய எந்திரிக்க விடல."

பஸ் வந்தது. கொண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார். நாங்கள் இருவரும் உடனே எழவில்லை.